வெள்ளை வேர்

டெய்லரம்மாவுக்கு முதல் சந்தேகம் ஓர் இலையால் வந்தது. கடையிலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுப் பின்பக்கத்து வலைக்கூடாரத்துக்குள் போயிருந்தாள். கம்பியில் தொங்கிய வாண்டா ஆர்கிட் செடி ஒன்றின் உச்சியில் தேயிலைச் சாயம் பட்டதுபோல ஒரு கறை. துடைத்துவிடலாம் என்று தொட்டாள். நடு இலை கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கறுத்து வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நாள்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை.

இலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சமையலறையில் நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, செருப்போட உள்ள வர்ற?"

"மறந்துட்டேன் அண்ணி."

"கையில என்ன?"

"நூல்கண்டு."

நூல்கண்டு என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் மறுபடியும் வெங்காயத்தின் பக்கம் குனிந்துகொண்டாள். ஆனால் குனிவதற்கு முன்னால் முந்தானையின் மடிப்பை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் நர்ஸக்கா என்பார்கள். காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. தம்பி விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக வந்து இறங்கிவிட்டாள். சொந்தத் தலையணை இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

விழுந்தவர் லைன்மேன். மின்கம்பத்தின் உச்சியில் மழையிலும் காற்றிலும் நின்று வேலை செய்து ஒருநாளும் கால் தவறாதவர், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்தில், தன் சொந்தக் கூடாரத்துத் தரையில் படர்ந்திருந்த பாசியில் வழுக்கித் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். "கரண்டு விட்டுச்சு, பாசி விடல" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பெல்லாம் ஆரம்பத்தில்தான். டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்றக் கூடாது என்று ஆனபிறகு, பின்னறைக் கட்டிலில் படுத்தபடி கூடாரத்தின் வலைக் கூரையை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூடாரம் அவருடைய உயிர். பழைய இரும்புக் குழாய்களை நட்டு, பச்சை நிழல்வலை போர்த்தி, அவரே கட்டியது. உள்ளே ஆர்கிட் செடிகள். மேலே வாண்டா வகை, தொட்டியும் மண்ணும் இல்லாமல் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்பவை. கீழே மரப்பலகைகளின் மேல் டென்ட்ரோபியம் தொட்டிகள், கரித்துண்டும் தேங்காய்மட்டையும் நிரப்பியவை. பூந்தண்டுகளைப் பூக்கடைக்காரர் வந்து வெட்டிக்கொண்டு போவார். அந்த ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் கனத்துக் கிடக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கும், தீக்குச்சி பற்றாது, காயப் போட்ட துணி மறுநாளும் கையில் ஒட்டும். "காத்தே பாதித் தண்ணி. மீதிப் பாதியை மட்டும் நாம ஊத்தினாப் போதும்" என்பார் லைன்மேன். காலை வெயில் ஏறுவதற்குள் ஊற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல். வேர் எந்நேரமும் நனைந்திருந்தாலும் அழுகல். இதையெல்லாம் அவர் பூக்கடைக்காரரிடம் சொல்லித்தான் டெய்லரம்மா காதில் விழுந்திருக்கிறது. அவளிடம் அவர் நேராகச் சொன்னது ஒன்றுதான்: "உள்ள வந்தா எதையும் தொடாத."

அவளும் தொட்டதில்லை. துணிக்கடையோடு சேர்ந்த தையல் கூடத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் போனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்புவாள். வீட்டில் அவளுக்கென்று ஒரு மெஷின் நடையில் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள். அந்தக் கூடாரத்து இடத்தில் ஓர் அறை எழுப்பினால் மெஷினை அங்கே போட்டு வீட்டிலிருந்தே தைக்கலாம் என்பது அவளுடைய பழைய ஆசை. வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறாள். அதற்கு ஒரு சண்டை நடந்து, மகள் உட்பட மூன்று பேரும் சாப்பிடாமல் படுத்து, மறுநாள் அவள்தான் சமாதானம் செய்துவைத்தாள். இப்போது அந்த மகளும் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள்.

லைன்மேன் படுக்கையில் விழுந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். காலைத் தண்ணீர் அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூச்சிக்கு மருந்தடிப்பது மனைவிக்கு. அது வெளியில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அதற்கடுத்து, நர்ஸக்கா குளிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், டெய்லரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா தண்ணி ஊத்துதான்னு பாரு."

"ஊத்தாமலா? காலையில எந்திரிச்சதும் அதுதான வேலை அவங்களுக்கு."

"வயசாயிடுச்சு. முட்டி வலி. பாதிக்கு ஊத்திட்டுப் பாதியை விட்டுடும். வாண்டா வேரைப் பாரு. தண்ணி பட்டிருந்தா பச்சையா இருக்கும். படலைன்னா வெள்ளையா இருக்கும்."

"வெள்ளையா இருந்தா?"

"நீ ஊத்திடு. அக்காகிட்டச் சொல்லாத. மனசு சங்கடப்படும்."

அன்றைக்கே பார்த்தாள். வேர்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துத் தொங்கின. அவளுக்குத் திக்கென்றது. ஒரு வேரைக்கூடத் தண்ணீர் தொடவில்லையே, அப்படியென்றால் அண்ணி காலையில் உள்ளே போய் என்னதான் செய்கிறாள்? சாப்பிட்டுவிட்டு நர்ஸக்கா தன் தலையணையோடு கூடத்தில் சாய்ந்து மூச்சு சீராகும்வரை காத்திருந்து, பூனைபோலக் கூடாரத்துக்குள் போனாள். ஹோஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தித் தண்ணீரைச் சாரலாக்கி அடித்தாள். வெளுத்திருந்த வேர்கள் கண்ணெதிரே பச்சையாக மாறின. அதைப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் செடிகள் அவளுக்கென்று ஏதோ செய்தது அதுதான் முதல்முறை.

மறுநாளும் வெள்ளை. அதற்கு மறுநாளும் வெள்ளை. தினமும் அவள் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஹோஸைப் பழையபடியே சுருட்டி வைத்தாள்.

முதல் இலை கழன்று வந்தபிறகு, பார்க்கும் இடமெல்லாம் கறை தெரிந்தது. கீழ்த் தொட்டிகளில் புதிதாக விட்ட முளைகள் பழுப்பேறிச் சாய்ந்தன. பலகையின் அடியில் நத்தைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள். வேர் நுனிகளை அவை கடித்து மொட்டையாக்கியிருந்தன. எறும்புகள் வரிசையாக ஒரு பூந்தண்டில் ஏறிக்கொண்டிருந்தன. எறும்பு ஏறும் இடத்தில் மாவுப்பூச்சி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். இலையைத் திருப்பினால் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து, வெயில் இறங்கியபிறகு இலைக்கு அடியிலும் படும்படி தெளித்தாள்.

அந்த வாரம் பூந்தண்டு வெட்ட வந்த பூக்கடைக்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாயாடி மனுஷர். பேசாமல் நின்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னக்கா இது, இலையெல்லாம் எண்ணெய் ஊத்தி வறுத்த மாதிரி இருக்கு?"

டெய்லரம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். இலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு பளபளத்தது. சில இலைகள் வெயிலில் கருகிய மாதிரி திட்டுத்திட்டாக இருந்தன. அவள் தெளித்து நாளாகிவிட்டது. இத்தனை பிசுக்கு அவள் கரைசலில் வராது.

"நான் இவ்வளவு அடிக்கலையே."

"அப்ப வேற யாரு?" பூக்கடைக்காரர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் கேக்குறேன். இந்த மனை யார் பேர்ல இருக்கு?"

"அவருக்கும் அண்ணிக்கும் பொதுவா இருக்கு. மாமா அப்படி எழுதிட்டுப் போயிட்டார்."

"அதான். செடி இருக்குற வரைக்கும் அண்ணன் இந்த இடத்தை அசைய விட மாட்டார். செடி போச்சுன்னா?" கத்தரிக்கோலை ஒருமுறை காற்றில் வெட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு எதுக்கு ஊர்ப் பொல்லாப்பு."

ஒன்றும் சொல்லாமலேயே வேண்டியதைச் சொல்லிவிட்டு, தேறிய தண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து டெய்லரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாத்தனாரைப் பார்க்கத் தொடங்கினாள். சாப்பாடு பரிமாறும்போது நர்ஸக்காவின் கையிலிருந்து வேப்பெண்ணெய் வாடை வந்தது.

"என்ன அண்ணி, கையில வேப்பெண்ணெய் வாசனை வருது?"

"முட்டிக்குத் தேச்சேன்."

"முட்டிக்கு வேற தைலம்ல வச்சிருந்தீங்க?"

"அது தீந்துபோச்சு." நர்ஸக்கா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள், "நீ மத்தியானம் தூங்குறதே இல்லையா? ஒரு கண் அசந்து எந்திரிச்சுப் பாத்தா உன்னை ஆளையே காணோம்."

"துணி காயப் போடப் போயிருப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான அண்ணி துணி அழுக்காகுது."

இருவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்கள். பின்னறையிலிருந்து லைன்மேன் இருமினார். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். பிறகு நீ போ, நீங்க போங்க என்று நின்றார்கள்.

கூடாரத்தின் கடைசிப் பலகையில் லைன்மேனின் செல்லச் செடிகள் இருந்தன. இரண்டு டென்ட்ரோபியங்களை அவரே தீக்குச்சி முனையால் மகரந்தம் தொட்டு வைத்துக் கலந்து, காய் பிடித்து, அதன் விதையைத் தெரிந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் முளைக்க வைத்து வாங்கி வளர்த்தவை. பல வருஷம் இலையும் தண்டுமாகவே இருந்துவிட்டு, அவர் விழுவதற்கு முன்னால்தான் ஒன்றில் முதல் பூந்தண்டு நீட்டியது. என்ன நிறத்தில் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "மொட்டு என்ன அளவு இருக்கு?" என்று தினமும் கேட்பார். சுண்டுவிரல் நகம் அளவு, கட்டைவிரல் நகம் அளவு என்று அவளும் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் அதில் ஒரு மொட்டு மஞ்சளடித்து நின்றது. அவரிடம், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பினாள். தெருமுனை வரை போய் நின்றாள். தையல் கூடத்துக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்றாள். பிறகு பின்பக்கச் சந்து வழியாக வந்து, கூடாரத்தின் ஓரம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வலையின் மடிப்புக்குப் பின்னால் நின்றாள். தன் வீட்டிலேயே திருடி மாதிரி நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

நர்ஸக்கா வந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். சமாளித்துச் சமாளித்துத்தான் நடந்தாள். ஹோஸைத் திறந்து மேல்வரிசைக் கோடியில் தொடங்கினாள். ஒரு வேரை விடவில்லை. வெளுத்த வேர்கள் பச்சையானபிறகே அடுத்த செடிக்கு நகர்ந்தாள். குருத்தில் தேங்கிய தண்ணீரைச் செடியைச் சாய்த்து வடித்தாள். சாயாத செடிகளில் பஞ்சை உருட்டி ஒற்றி எடுத்தாள், நோயாளியின் காதுக்குள் துடைப்பதுபோல. கீழே தொட்டிகளுக்கு வந்ததும் நின்றாள். ஒரு தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். ஊற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஊற்றினாள்.

டெய்லரம்மாவின் கையிலிருந்து செருப்பு நழுவி விழுந்தது.

நர்ஸக்கா திரும்பினாள். பதறவில்லை. குழாயை மூடினாள்.

"வா. எத்தனை நாளா நிக்கிற இப்படி?"

"இன்னிக்குத்தான் அண்ணி."

"நான் ரொம்ப நாளா நிக்கிறேன். கூடத்து ஜன்னல்கிட்ட. நான் தூங்குறேன்னு நெனச்சுட்டு நீ வந்து ஊத்துவியே, அப்ப."

"அப்ப நீங்க தூங்கலையா?"

"ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாத்தவ நான். கண்ணை மூடிட்டு முழிச்சிருக்கத் தெரியும்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எதுக்கும்மா ஊத்துற? செடியைக் கொல்லணும்னா ஒரு வாளி வெந்நீர் போதுமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

"கொல்லவா?" டெய்லரம்மா ஓரடி முன்னால் வந்தாள். "நீங்க ஊத்துறதில்லன்னு நான் ஊத்தினேன். வேர் வெள்ளையா இருந்துச்சு. அவர்தான் சொன்னார். வெள்ளையா இருந்தா நீ ஊத்திடு, அக்காகிட்டச் சொல்லாதன்னு."

"வெள்ளையாத்தான் இருக்கும். காலையில ஊத்தினா வெயில் ஏறினதும் காஞ்சு வெளுத்துடும். காஞ்சாத்தான் நல்லது. நீ மத்தியானம் வந்து பாத்தா வேற எப்படி இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாதே."

நர்ஸக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட அவன் வேற மாதிரி சொன்னான்," என்றாள். "உன் மருந்தைப் பத்தி. அவ பேருக்குத் தெளிச்சுட்டு வந்துடுவா, நீ இலைக்கு அடியில பாத்து மறுபடி அடிச்சுடு, அவகிட்டச் சொல்லாதன்னான். நானும் அடிச்சேன். அந்த எண்ணெய் என்னோடதுதான். முட்டிக்குன்னு பொய் சொன்னேன்."

"நானும்தான் நூல்கண்டுன்னு சொன்னேன்."

"தெரியும். இலை நுனி வெளிய தெரிஞ்சுது."

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. டெய்லரம்மா கடைசிப் பலகைக்குப் போனாள். மஞ்சளடித்த மொட்டு தொட்டியின் விளிம்பில் விழுந்து கிடந்தது. மற்ற மொட்டுகளும் காம்போடு வாடியிருந்தன. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "நான் மத்தியானம் ஊத்துறதைப் பாத்தீங்கன்னா, காலையில நீங்க நிறுத்தியிருக்கலாமே அண்ணி?"

நர்ஸக்கா செருகியிருந்த புடவையை இறக்கி விட்டுக்கொண்டாள்.

"நிறுத்தத்தான் பாத்தேன். அவன்கிட்டப் போய், உன் பொண்டாட்டி திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்துறாடா, செடி தாங்காதுன்னு சொன்னேன். நீ நிறுத்தாத, நிறுத்தினா அவ உஷாராயிடுவா, என்னதான் செய்யுறான்னு பாத்துடலாம்னான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. பொய் சொல்ல மாட்டேன். உன்மேல எனக்கும் சந்தேகம்தான். மெஷின் போட இடம் வேணும்னு நீ கேட்டவதான."

டெய்லரம்மா மொட்டை நகத்தால் கீறிப் பிரித்தாள். உள்ளே இளம்பச்சை இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்திருந்தன. நடுவில் செம்பு நிறத்தில் ஒரு கீற்று ஓடியது. இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குள் நடந்தார்கள்.

லைன்மேன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன மனைவி நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்தார். அவள் மொட்டை அவருடைய மார்பின் மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க மொட்டு. என்ன நிறம்னு பாக்கணும்னு இருந்தீங்களே. பாத்துக்கோங்க."

அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எப்ப விழுந்துச்சு?"

"இப்ப அதுதான் கேள்வியா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள். எல்லாம் பேசியாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"வேர் வெள்ளையா இருந்தா ஊத்துன்னுதான சொன்னேன். தினமும் கொட்டுன்னா சொன்னேன்?"

"நான் வர்ற நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல வேர் எப்படி இருக்கும்னும் தெரியும்."

"உனக்கும் தெரியும்னு நெனச்சேன். இத்தனை வருஷமா இந்த வீட்லதான இருக்க."

"வீட்ல இருக்கேன். நீங்க எப்ப என்னை அதுக்குள்ள விட்டீங்க?"

நர்ஸக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, நான் வந்து சொன்ன அன்னிக்கே அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டாச் சொல்லிடுவாளா?"

"நீ கேட்டியா? தொடையிலதான்டா கம்பி வச்சாங்க, வாயில இல்லையே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "செடியெல்லாம் அழுகிப் போகட்டும்னு அவதான் சொன்னா."

"நானா? எப்ப?"

"மெஷினுக்கு இடம் கேட்டுச் சண்டை போட்டியே, அன்னிக்கு. என் முகத்துக்கு நேரா சொன்ன."

டெய்லரம்மா யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சண்டையில் வாயில் வந்த எத்தனையோ வார்த்தைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அவளுக்கு அது நினைவில்கூட இல்லை. இந்த மனுஷர் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்து, அவள் போட்ட சோற்றைத் தின்று, அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அப்ப நான் கொல்றேன்னே முடிவு பண்ணிட்டீங்க."

"முடிவெல்லாம் பண்ணல. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

"எதை?"

"நீ அப்படிச் செய்யுற ஆளான்னு."

"கூடவே இருந்து தெரியாதது, செடி அழுகினாத் தெரிஞ்சுடுமா?"

அவர் மொட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல எடுத்து மறுபடியும் வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அது செடிக்காகவா அவளுக்காகவா என்று டெய்லரம்மாவால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் அவளுக்கு மனமில்லை. "கஞ்சி சூடு பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களும் கூடாரத்தைச் சுத்தம் செய்தார்கள். கத்தியை அடுப்பில் காட்டிக் காட்டி அழுகிய பாகங்களை வெட்டினார்கள். ஒரு செடியை வெட்டிய கத்தியைச் சுடாமல் அடுத்ததில் வைத்தால் நோய் கூடவே போகும் என்பதை லைன்மேன் அறையிலிருந்து கத்திச் சொன்னார். "தெரியும்டா, ஊசி போட்ட கை இது" என்று அக்காவும் கத்தினாள். வெட்டிய இடங்களில் பூசணம் பிடிக்காமலிருக்கச் சமையலறைப் பட்டைத்தூளை அப்பினார்கள். பிழைக்காது என்று பட்டவற்றைக் கூடையில் போட்டார்கள். கூடை நிறைய நிறையச் சந்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஊறிய மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கரித்துண்டு போட்டார்கள். தரைப் பாசியைச் சுரண்டினார்கள். காற்று வருவதற்காகப் பக்கவாட்டு வலையைச் சுருட்டிக் கட்டினார்கள். செல்லச் செடிகளில் வேர் கொஞ்சம் மிச்சமிருந்த சிலவற்றை, கடையில் வாங்கிய பஞ்சுப் பாசியை நனைத்துச் சுற்றிச் சின்னத் தொட்டிகளில் வைத்தார்கள். மாலையில் பார்த்தபோது கூடாரத்தில் பாதிக்கு மேல் வெறும் கம்பிதான் இருந்தது. இப்போது அங்கே ஒரு மெஷின் தாராளமாகப் போடலாம். நர்ஸக்காவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது நர்ஸக்கா கேட்டாள், "பூக்கடைக்காரன் உன்கிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"மனை பாதி உங்களுதுன்னு சொன்னார்."

"என்கிட்ட மெஷினைப் பத்திச் சொன்னான்." டம்ளரைக் கீழே வைத்தாள். "இனிமே பூ வெட்ட வந்தா வாசல்லயே நிக்க வச்சு நாமளே வெட்டிக் குடுப்போம்."

டாக்டர் காலை ஊன்றலாம் என்று சொன்ன வாரத்தில் நர்ஸக்கா கிளம்பினாள். பெட்டியையும் தலையணையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு டெய்லரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்மேல கோபமா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"கொஞ்சம் இருக்கும். எனக்கும் இருக்கு. போகட்டும்."

அதன்பிறகு வீட்டில் இருவர்தான். டெய்லரம்மா அவரிடம் தேவைக்குப் பேசினாள், மாத்திரை கொடுத்தாள், நடக்கப் பழக்கினாள். கூடாரத்தைப் பற்றி அவர் பேச்செடுத்தபோது மட்டும் நேராக நின்று சொன்னாள்.

"தண்ணி நான் ஊத்துறேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. சொல்லிக் குடுங்க, கத்துக்கிறேன். ஆனா ஒரு கைதான் ஊத்தணும். நான் போனதும் நீங்க ஊத்தக் கூடாது. யாரையும் விட்டுப் பாக்கச் சொல்லவும் கூடாது."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

சொல்லிக் கொடுத்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடார வாசலில் நிற்பார். இது போதும், அதற்கு இன்றைக்கு வேண்டாம், அந்தத் தொட்டியைத் தூக்கிக் கனம் பார் என்பார். அவள் செய்தாள். குருத்தில் நின்ற தண்ணீரை முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள். எல்லாத்துலயும் எடுத்தியா என்று கேட்க அவர் வாய் திறப்பது தெரியும். திறந்த வாயை மூடிக்கொள்வதும் தெரியும்.

மழை விட்டிருந்த ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்தவள், எறும்பு ஏறியிருக்கிறதா பார்க்கலாம் என்று கடைசிப் பலகைக்குப் போனாள். சின்னத் தொட்டி ஒன்றின் ஓரத்துப் பாசியில் ஒரு குழி இருந்தது. விரல் விட்டுப் பார்த்த குழி. பக்கத்துத் தொட்டியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். வரிசை முழுக்க, ஒன்றுவிடாமல்.

அவள் குழிகளை அப்படியே விட்டாள். பிறகு உள்ளே போய் டீ போட்டாள். அவருக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஈரம் இருந்துச்சா?"

"எதுல?"

அவள் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊதினார். குடிக்கவில்லை.

"இருந்துச்சு," என்றார்.

"என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"நாளையிலருந்து கேக்குறேன்."

அவள் தலையாட்டினாள். கேட்கிறாரா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு தன் டீயை எடுத்துக் குடித்தாள்.